வலி போன பிறகு

சரசாவின் மெட்டி இரண்டும் குளியலறையில், தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் கிடந்தன. மேலே சோப்பு நுரை, கூடவே ஒரு தலைமுடிச் சுருள். பல் துலக்கப் போன லோகநாதன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முப்பத்து நான்கு வருடமாகக் கழலாத மெட்டி அது. போன வருடம் கால் வீங்கியபோது ஆவடியில் ஓர் ஆசாரி தேங்காய் எண்ணெய் தடவி, நூல் சுற்றி, அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, வெட்டித்தான் எடுக்கணும் என்று கையை விரித்தார். விரல் மூட்டுகள் அப்படிப் பருத்திருந்தன.

சமையலறையில் சரசா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "கால் தேய்ச்சிகினு இருந்தேன், அதுவா கயண்டு வந்துட்ச்சிங்க. நூல் சுத்திப் போட்டுக்கறேன், நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள்.

கட்டின பெண்டாட்டி காலிலிருந்து மெட்டி கழன்றால் புருஷனுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் லோகநாதன் சிரிக்கிற ஆள். அன்று சிரிப்பு வரவில்லை. ஆனால் அவரை உறுத்தியது அந்தச் சகுனம் அல்ல. அவள் அடுப்புப் பக்கம் நகர்ந்தபோது பாதத்தைப் பார்த்துவிட்டார். ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் தரையோடு தரையாகப் பரவி, காலைத் தூக்கும்போது ஈரத்தாளைப் பிரிப்பதுபோல மெல்ல உரிந்து வந்தன. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் ஆவடி தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புவார். வீட்டிலும் அதே கதைதான். பஸ் கம்பியைத் தொட்டால் கை கழுவுவார், ஹோட்டல் டம்ளரில் வாய் வைக்க மாட்டார், அடுத்தவர் தலையணை என்றால் தூக்கம் வராது. திருமுல்லைவாயிலில் அவருடைய பங்காளிகள் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லி ஓட்டுவார்கள். சரசா ஒருத்திதான் ஓட்டியதில்லை. அவருக்கென்று தனி டம்ளர், தனித் துண்டு, தனிச் சீப்பு என்று முப்பத்து நான்கு வருடமும் எடுத்து வைத்தவள் அவள்.

போன வருடம் இதே குளியலறையில் அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டர், எலும்பு உள்ளே உளுத்துவிட்டது என்றார். வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். சரசாவுக்கு அது நெஞ்செரிச்சலைக் கொடுத்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு வனஜா அம்பத்தூரில் ஒரு மையத்தைப் பற்றிச் சொன்னாள். டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. மின்காந்தப் பாயில் தினமும் நாற்பது நிமிடம் படுத்தால் போதும், மூட்டுவலி, எலும்புத் தேய்மானம் எல்லாம் ஓடிவிடும், படுக்கக் காசும் வேண்டாம் என்றாள்.

லோகநாதன் டாக்டரிடமே போய்க் கேட்டார். "எலும்பு ஒண்ணுசேராத முறிவுக்குச் சில இடத்துல அந்த மாதிரிக் கருவி வைக்கிறது உண்டு. எலும்பு தேயறதுக்கு அதை மட்டும் நம்ப ஆதாரம் போதாது. போறதா இருந்தா போகட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து லோகநாதன் நாலு நாள் யோசித்தார். காந்தம் இரும்பை இழுக்கும், சரி. எலும்பில் அதற்கு என்ன வேலை? மையத்தை நடத்துகிற கங்காதரனிடம் பாய்க்குள் இருக்கிற சுருளின் வலு எவ்வளவு என்று கேட்டதற்கு, "அனுபவிச்சுப் பாருங்க ஐயா" என்று பதில் வந்தது. அது அளவு இல்லை, மழுப்பல். வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் இருந்தார். ஆனால் அதற்குள் வனஜாவோடு அங்கே போகத் தொடங்கியிருந்த சரசா, இருபதாவது நாள் கைப்பிடியைப் பிடிக்காமல் மொட்டை மாடிக்கு ஏறி வற்றல் காயவைத்துவிட்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தவுடன் அவருடைய கேள்வியெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. மாத்திரையை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

மையத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாயின் மேல் விரிக்க அவரவர் வீட்டிலிருந்து வெள்ளைத் துண்டு கொண்டுபோக வேண்டும். சரசாவின் மணிக்கட்டு முறிந்ததிலிருந்து துணி அலசுவது லோகநாதன் வேலை. முதலில் அந்தத் துண்டில் சாதாரண வேர்வை வாடைதான் வந்தது. ஒரு மாதம் போனபின் நடுவில் ஒரு பிசுபிசுப்பு தெரிந்தது. மெட்டி கழன்ற அன்று துண்டை வாளியில் முக்கியபோது தண்ணீர் அரிசி களைந்ததுபோல வெளுத்தது. விரலிடுக்கில் வழவழவென்று ஏதோ ஏறியது. உதறினார், போகவில்லை. உலர்ந்த இடங்களில் அது சுண்ணாம்புபோல வெடித்து, முதுகும் இடுப்பும் கெண்டைக்காலுமாக ஒரு ஆள் படுத்த தடத்தைக் காட்டியது. வாடை மூக்குக்கு எட்டியதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆட்டுக்காலை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் வருகிற வாடை. அது புரட்டாசி மாதம். அந்தத் தெருவில் முட்டை ஓடுகூடக் கிடக்காது. லோகநாதன் வாளியிலேயே வாந்தி எடுத்தார்.

மறுநாள் காலை அவளோடு அவரும் கிளம்பினார். சி.டி.எச். ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரி வந்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். கை வந்தது, ஆனால் அவர் பிடிக்குள் ஐந்து விரலும் ஒன்றாகக் குவிந்து, நழுவி, ஒரு பக்கமாக ஒதுங்கின. மணிக்கட்டில் பிடித்த இடம் பள்ளமாகி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிரம்பியது. "வலிக்கலியா?" என்று கேட்டார்.

"வலியா? அதெல்லாம் போயே போய்ட்ச்சிங்க" என்றாள் சரசா. பத்து வருடத்தில் அவர் பார்க்காத சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம்தான். அவர் கையை மட்டும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். துடைத்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

மாடியில் பன்னிரண்டு பாய்கள். எல்லாவற்றிலும் வயதானவர்கள் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். பாய்களிலிருந்து ஃபிரிட்ஜ் ஓடுவதுபோல ஒரு ரீங்காரம் வந்து பல்லுக்குள் இறங்கியது. மல்லிகை ஸ்பிரே அடித்திருந்தார்கள், ஊதுபத்தியும் எரிந்தது. இரண்டுக்கும் அடியில் அதே கொதித்த எலும்பு வாடை அசையாமல் நின்றது. ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வாளித் தண்ணீர் பாலாக இருந்தது. லோகநாதன் வாயால் மூச்சு விட்டார். வாயிலும் அந்த ருசி ஏறியது.

அங்கே தினமும் ஒருவர் மைக்கில் அனுபவம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கை தட்ட வேண்டும். கங்காதரன், "நம்ம மையத்தோட முதல் மெம்பர், நானூத்தி அறுபது நாள் முடிச்சவங்க" என்று கன்னியம்மாளைக் கூப்பிட்டார். லோகநாதனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கிழவி. ஒரு காலத்தில் வயல் வேலைக்கு நாலு பேரை அதட்டி ஓட்டிய ஆள். அவளை அவள் மகன் ஜெகன் நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தான். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டை முட்டுக்கொடுத்திருந்தான். அது இல்லாவிட்டால் தலை எங்கே போகும் என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் முழங்கை நாற்காலிக் கைப்பிடியின் மேல் இல்லை. கைப்பிடியின் இரண்டு பக்கமும் வழிந்து தொங்கியது.

"இன்னா லோகு, நீயும் வந்துட்டியா? எனுக்கு இப்ப வலின்னா இன்னான்னே தெர்ல நைனா. பஞ்சு மாதிரி கீது ஒடம்பு" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். பன்னிரண்டு பேர் தட்டியும் சத்தம் வரவில்லை. ஈரத்துணியை மெல்ல அடிப்பதுபோல ஏதோ கேட்டது, அவ்வளவுதான். சரசாவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க முட்டிக்கும் ஒரு தரம் படுத்துப் பாருங்களேன் ஐயா" என்றார் கங்காதரன். லோகநாதனுக்கும் இடது முட்டி வலிதான், மாடி ஏறினால் உயிர் போகும். ஆனால் யார் யாரோ படுத்து எழுந்த பாய். வேண்டாம் என்று தலையாட்டினார். கிளம்பும்போது கங்காதரன் மைக்கில் சொன்னார்: "நாளைக்கு ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. ரெண்டு நாளும் மெஷினுக்கு ஓய்வு. வியாழக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு டோக்கன்."

நல்லதாகப் போயிற்று என்று லோகநாதன் நினைத்தார். இனி இவளை இந்தப் பக்கமே அனுப்பக் கூடாது. நேராக அவளை எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்த உதயகுமார் சரசாவின் கையைத் தட்டில் வைத்துப் படம் எடுத்தார், திரையைப் பார்த்தார், மறுபடி எடுத்தார். "மெஷின்ல ஏதோ கோளாறு சார்" என்றார். லோகநாதன் எட்டிப் பார்த்தார். கை வடிவில் ஒரு சாம்பல் நிறப் புகை. உள்ளே ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்க்க உதயகுமார் லோகநாதனின் கையை வைக்கச் சொன்னார். அது வெள்ளை வெளேரென்று வந்தது, கணுக்கணுவாக, தேய்ந்த மூட்டு உட்பட.

உதயகுமார் சரசாவின் கையைத் தொட்ட தன் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து கழுவப் போனார். டாக்டர் லீவு முடிந்து வியாழக்கிழமைதான் வருவார் என்றார்கள். இரண்டு நாள்தானே என்று லோகநாதன் தன்னையே தேற்றிக்கொண்டார்.

ஆயுத பூஜை அன்று அவர் ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். சரசா சுண்டல் தாளித்தாள். மதியம் வரை நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள், சாய்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கினாள். "அசதியா கீதுங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். சாப்பாடு பரிமாற வந்தபோது கரண்டி அவள் கையில் நிற்கவில்லை. கையாலேயே சோற்றைப் பிசைந்து அவர் தட்டில் வைத்தாள். சோற்றில் விரல்கள் புதைந்த விதத்தைப் பார்த்துவிட்டு அவர் தட்டோடு எழுந்துபோய்க் கொட்டினார். அவள் பார்த்தாள்.

விஜயதசமி காலை அவள் எழவில்லை.

கட்டிலில் நைட்டி தட்டையாகக் கிடந்தது. ஆள் உள்ளே இருந்தாள். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய ஏற்றம், இறக்கம். மூச்சு. முகம் தலையணையில் அகலமாகப் பரவியிருந்தது. கண் ஒன்று மேலே, ஒன்று காதுக்குப் பக்கத்தில். இரண்டும் அவரைப் பார்த்தன.

"ஏங்க." உதடு சரியாகக் கூடவில்லை. "வலியே இல்லீங்க."

லோகநாதன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். எலும்பு என்றார். முறிஞ்சிருக்கா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்புறம் என்ன சார் என்று கேட்டார்கள். வருகிறவர்கள் ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்குவார்களே என்று தோன்றியது. போனை வைத்துவிட்டார். கங்காதரனைக் கூப்பிட்டார்.

"சாமிக்கு வெச்ச மெஷினை நடுவுல எடுக்கக் கூடாதே ஐயா. நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க. பயப்படாதீங்க, போன வருஷமும் எல்லாருக்கும் இப்படித்தான் ஆச்சு."

எல்லாருக்கும்.

அன்று பகல் முழுக்க அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவசியமில்லாமல் உள்ளே போகவில்லை. தண்ணீர் என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். தள்ளி நின்று கையை மட்டும் நீட்டி, பஞ்சை நனைத்து வாயில் பிழிந்துவிட்டார். கட்டிலின் ஓரத்திலிருந்து வெளுத்த ஈரம் தரையில் சொட்டியது. வாடை. ஜன்னலைத் திறந்தார். வாடை. அவள் மூச்சு மட்டும் வரவரச் சின்னதாகிக்கொண்டே வந்தது. வியாழக்கிழமை வரைக்கும் தாங்குமா என்பது ஒன்றுதான் இனி கேள்வி. டாக்டர் பத்து மணிக்கு வருவார். பாய் ஐந்து மணிக்கு.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அவளைப் படுக்கை விரிப்போடு சேர்த்து எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். கனம் அப்படியே இருந்தது, ஆனால் அது ஒரு இடத்தில் நிற்கவில்லை, தூக்கத் தூக்க வேறு பக்கம் ஓடியது. நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். ஆட்டோக்காரர், "மூட்டைய பின்னாடி வெச்சிக்க சார்" என்றார். மடியிலேயே இருக்கட்டும் என்றார் லோகநாதன். ரோடெல்லாம் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது. வெள்ளைச் சதையும் குங்குமத் தண்ணீரும் சக்கரத்தில் சப் சப்பென்று நசுங்கின. மடி சூடாக நனைந்துகொண்டே வந்தது.

டைல்ஸ் கடை மாடிப்படியில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு போர்வை, ஒரு சாக்கு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி. லோகநாதனுக்கு முன்னால் ஜெகன். கல்யாண வீட்டில் சோறு வடிக்கிற அன்னக்கூடை ஒன்றைத் தோளில் வைத்திருந்தான். மேலே ஈரத்துண்டு மூடியிருந்தது.

"டோக்கன் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்களாடா?" துண்டுக்கு அடியிலிருந்து கன்னியம்மாள் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. கம்முனு கெட" என்றான் ஜெகன்.

ஷட்டர் ஏறியது. பாய்களின் மேல் சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்தி. கங்காதரன் மைக்கைத் தட்டினார். "துணியைப் பிரிச்சு, ஆள் எப்படி இருக்கணுமோ அப்படி நேராக்கிப் படுக்க வையுங்க. கை கால் முகம் எல்லாம் அந்தந்த இடத்துல இருக்கட்டும். சுவிட்ச் போட்டா அப்படியே பிடிச்சுக்கும். பொறுமையா செய்யுங்க."

சுற்றிலும் மகன்களும் மருமகள்களும் குனிந்து வேலையில் இறங்கினார்கள். சப்பாத்தி மாவை இழுப்பதுபோல இழுத்து, நீவி, ஒழுங்கு செய்தார்கள். லோகநாதன் முடிச்சை அவிழ்த்தார். கால்களை இழுத்தார். வந்தன. முகத்தை இரண்டு விரலால் தொட்டு, கண்ணை அதன் இடத்துக்குத் தள்ளினார். தொண்டைக்கு வந்ததை விழுங்கினார். வலது கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

இடது கை முதுகுக்கு அடியில் மாட்டியிருந்தது. எடுக்க வேண்டுமானால் முழங்கை வரை உள்ளே விட வேண்டும். அந்தச் சூட்டுக்குள். அந்த வழவழப்புக்குள். விரல் நுனியை விட்டார். ஏதோ பிதுங்கி அவர் நகத்துக்குள் ஏறியது.

கையை உருவிக்கொண்டார்.

"கை" என்றாள் சரசா. "கைய எடுத்து விடுங்க."

"இதோ."

கர்ச்சீப்பை எடுத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

சுவிட்ச் விழுந்தது.

ரீங்காரம் பல்லுக்குள் இறங்கியது. பாய்களின் மேல் எல்லாம் மெல்ல உப்பின, திரண்டன, நின்றன. பன்னிரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். கன்னியம்மாள் கொட்டாவி விட்டாள். சரசா கால்களைத் தரையில் ஊன்றி எழுந்தாள். வலது கையால் நைட்டியைச் சரி செய்துகொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த கர்ச்சீப்பைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"வலியே இல்லீங்க" என்றாள். "வாங்க, ஊட்டுக்குப் போலாம். படி வழுக்கும், கையப் புடிச்சிக்கோங்க."

சொல்லிவிட்டு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நைட்டியின் கழுத்துக்கு மேலாக, இரண்டு தோளுக்கும் நடுவிலிருந்து, ஐந்து விரல்கள் விரிந்து அவரைத் தேடின.